கலிபோர்னியாவின் ஸ்பானிய மிஷன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும், அங்கே நாலாம் வகுப்பில் இவற்றைப் பாடமாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இந்த மிஷன்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, ரோஜாத் தோட்டம், வரிசையாகத் தொங்கும் மணிகள் என்று பார்க்க ரொம்ப அழகான இடங்கள்தான். அந்தச் சுவரைக் கட்டியவர்கள் யார், அந்த மணி யாருக்காக அடித்தது என்பதைத் தெரிந்துகொண்டு போய்ப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மிஷன் என்றால் சர்ச்தானே?

பூர்வகுடிகளைக் கிறிஸ்தவர்களாக்கி வேலையில் வைத்திருக்க ஸ்பெயின் அமைத்த குடியிருப்புதான் மிஷன். சர்ச் அதில் ஒரு மூலை மட்டும்தான். நடுவில் பெரிய முற்றம், அதைச் சுற்றி நாலு பக்கமும் அறைகள், தானியக் கிடங்கு, நெசவுக்கூடம், கொல்லுப்பட்டறை, சோப்பு காய்ச்சும் இடம், தோல் பதனிடும் தொட்டிகள். வெளியே பூர்வகுடிக் குடும்பங்களின் குடியிருப்பு, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயலும் மேய்ச்சல் நிலமும். ஒரு மிஷனில் வழக்கமாக இரண்டு பிரான்சிஸ்கன் சபைப் பாதிரியார்கள் இருப்பார்கள், காவலுக்கு ஆறேழு சிப்பாய்கள். மற்றபடி அங்கிருந்த சில நூறு பேர், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், எல்லாரும் பூர்வகுடிகள். 1769-இல் சான் டியேகோவில் தொடங்கி 1823-இல் சொனோமாவில் முடிந்த இந்த வரிசையில் மொத்தம் 21 மிஷன்கள், கடலோரமாகச் சுமார் 1000 கிலோமீட்டருக்கு நீண்டன.

ஸ்பெயின் அரசின் திட்டப்படி மிஷன் ஒரு தற்காலிக ஏற்பாடு. பத்து வருடத்தில் அங்குள்ளவர்களைக் கிறிஸ்தவர்களாகவும் வரி கட்டும் குடிமக்களாகவும் மாற்றிவிட்டு, நிலத்தை அவர்கள் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் பாதிரியார்கள் அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். கலிபோர்னியாவில் அறுபத்தைந்து வருடம் ஆகியும் அது நடக்கவில்லை.

ஸ்பெயின் ஏன் 1769-இல் திடீரென்று அங்கே போனது?

திடீரென்று இல்லை. ஸ்பெயின் அனுப்பிய கடலோடி கப்ரியோ 1542-இலேயே அந்தக் கடற்கரையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார், விஸ்கைனோ என்ற இன்னொரு கடலோடி 1602-இல் மான்டெரே விரிகுடாவை வரைபடத்தில் ஏற்றினார். அதோடு சரி, அதற்கப்புறம் நூற்று அறுபது வருடத்துக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 1760-களில் ரஷ்யர்கள் கடல் நீர்நாய்த் தோலுக்காக அலாஸ்கா பக்கம் இறங்கி வருகிறார்கள் என்ற செய்தி வந்ததும்தான் ஸ்பெயினுக்குக் கவலை பிடித்தது. மன்னரின் பிரதிநிதியாக மெக்சிகோவுக்கு வந்திருந்த ஹோசே டெ கால்வெஸ், கப்பல் வழியாகவும் தரை வழியாகவும் படை அனுப்பி அந்த எல்லையைப் பிடித்து வைக்கத் திட்டம் போட்டார். தளபதி கஸ்பார் டெ போர்ட்டோலா, மதப் பொறுப்புக்கு ஹுனிபெரோ செர்ரா. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், 1767-இல், ஸ்பெயின் மன்னர் சேசு சபையினரைத் தன் நாடுகளிலிருந்து மொத்தமாக வெளியேற்றியிருந்தார். இன்று மெக்சிகோவில் இருக்கும் கலிபோர்னியத் தீபகற்பத்தில் அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள்தான் செர்ராவும் அவருடைய பிரான்சிஸ்கன் தோழர்களும்.

பயணம் மோசமாகப் போனது. ஒரு கப்பல் காணாமலே போனது, மற்ற இரண்டிலும் மாலுமிகள் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஆள் பற்றாக்குறை. குடியேற யாரும் முன்வரவில்லை. வடமேற்கு மெக்சிகோவின் சொனோராவிலிருந்து அன்சா என்ற ராணுவ அதிகாரி கண்டுபிடித்த தரைவழியையும் 1781-இல் கொலராடோ ஆற்றங்கரையில் கெச்சான் மக்கள் எழுந்து அடித்து மூடிவிட்டார்கள். 1820 வாக்கில்கூட கலிபோர்னியாவில் ஸ்பானியர் என்று சொல்லிக்கொண்டவர்கள் மூவாயிரம் சொச்சம் பேர்தான். குடியேற்றம் இல்லாமல் ஒரு நாட்டைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் அங்கே ஏற்கெனவே இருக்கிறவர்களைக் குடிகளாக மாற்றியாக வேண்டும், அவர்கள் உழைப்பில்தான் சிப்பாய்களுக்கே சோறு போட வேண்டும். மிஷன் என்கிற அமைப்பு அரசுக்கு இவ்வளவு வசதியாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்?

இன்றைய கலிபோர்னியா முழுவதிலும் சுமார் மூன்று லட்சம் பேர் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் பரவலான மதிப்பீடு. தெற்கிலிருந்து வடக்கே போனால் குமியாய், லுயிசேன்யோ, அஹாச்சமென், தொங்வா, சுமாஷ், சலினன், எஸ்ஸெலென், ஓலோனி என்று வரிசையாகப் பல மக்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாத அளவுக்கு மொழிகள்.

"வேட்டையாடித் திரிந்தவர்கள்" என்று ஒரே வரியில் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சுமாஷ் மக்கள் பலகைகளில் துளை போட்டு நார்க்கயிற்றால் தைத்து, இடுக்குகளைத் தாரால் அடைத்து 'தொமோல்' என்ற படகைக் கட்டிக் கடலில் தீவுக்கும் கரைக்கும் வியாபாரம் செய்தார்கள். தீவுகளில் செய்த சிப்பி மணிகள் அந்த வட்டாரம் முழுக்கப் பணமாகச் செல்லுபடியாயின. ஓக் மரத்துக் கொட்டையை இடித்து மாவாக்கி, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கசப்பை வடித்துக் கஞ்சி காய்ச்சினார்கள். வருடந்தோறும் பருவம் பார்த்துப் புல்வெளிகளுக்குத் தீ வைத்து, விதை தரும் செடிகள் செழிக்கும்படியும் மான்கள் மேய வரும்படியும் நிலத்தைப் பராமரித்தார்கள். ஸ்பானியர்கள் வந்து "பூங்கா மாதிரி இருக்கிறதே" என்று வியந்த நிலம் அப்படி ஆனது தானாக அல்ல.

பிறகு ஏன் அவர்கள் மிஷனுக்குள் போனார்கள்? துப்பாக்கி முனையிலா?

ஆரம்பத்தில் பெரும்பாலும் இல்லை. கண்ணாடி மணி, துணி, சோளம் என்று புதுப் பொருட்கள் மேல் ஆர்வம் இருந்தது. வந்தவர்களிடம் ஏதோ சக்தி இருக்கிறது, அவர்களோடு உறவு வைத்துக்கொள்வது நல்லது என்று சில தலைவர்கள் நினைத்திருக்கலாம். பிள்ளைகளை முதலில் ஞானஸ்நானத்துக்குக் கொடுத்த பெற்றோர், பிள்ளை உள்ளேயே தங்கிவிட்டதால் பின்னாலேயே போனதும் உண்டு.

ஆனால் சில வருடங்களில் நிலைமை வேறு மாதிரி ஆகிவிட்டது. ஸ்பானியர் கொண்டுவந்த மாடுகளும் குதிரைகளும் ஆடுகளும் பெருகி, பெண்கள் விதை சேகரித்த புல்வெளிகளை மேய்ந்து தீர்த்தன. கால்நடைகளோடு வந்த காட்டு ஓட்ஸும் கடுகும் உள்ளூர்ப் புற்களை விரட்டின. நிலத்துக்குத் தீ வைக்கும் பழக்கத்தை 1793-இல் ஆளுநர் அரிய்யாகா தடை செய்தார். கூடவே, மிஷனைப் பார்த்திராத ஊர்களுக்குக்கூட நோய் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. பாதிப் பேர் செத்துப்போன ஊரில், சாப்பாடு கிடைக்காத ஊரில், மிஞ்சியவர்கள் என்ன செய்வார்கள்? சமையல் நடக்கும் இடம் ஒன்றுதான் இருந்தது, உறவுக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள், போனார்கள். இதை "தாங்களாக விரும்பி வந்தார்கள்" என்று எழுதுவது நேர்மையில்லை என்பது என் கருத்து. பிற்காலத்தில் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளுக்குள் சிப்பாய்கள் போய் ஓடிப்போனவர்களைப் பிடித்தபோது, ஓடாதவர்களையும் சேர்த்து இழுத்து வந்த சம்பவங்களும் உண்டு.

உள்ளே ஒரு நாள் எப்படி இருக்கும்?

விடியற்காலை மணி. ஜெபம், பூசை. அப்புறம் 'அத்தோலே' என்ற வறுத்த பார்லி அல்லது சோளக் கஞ்சி. மணி அடித்ததும் வேலை: உழவு, அறுவடை, மண்ணைக் குழைத்துச் செங்கல் வார்ப்பது, ஓடு சுடுவது, மாடு அறுப்பது. பெண்களுக்குப் பெரும்பாலும் மாவு அரைப்பதும் நூல் நூற்பதும் நெசவும். மதியம் 'போசோலே' என்ற சோளமும் பருப்பும் கறியும் சேர்ந்த கூட்டு, சிறிது ஓய்வு, மறுபடி வேலை, மாலை ஜெபம், மறுபடி கஞ்சி. ஞாயிறும் திருநாட்களும் வேலை இல்லை.

இரவில்தான் மிஷனின் இன்னொரு முகம். ஏழெட்டு வயதைத் தாண்டிய பெண்பிள்ளைகள், திருமணமாகாத பெண்கள், பல இடங்களில் விதவைகளும், 'மொன்ஹெரியோ' என்ற தனி அறைக்குள் போக வேண்டும், வெளியே பூட்டுப் போடப்படும், சாவி மிஷன் நிர்வாகத்திடம். சிப்பாய்களிடமிருந்து காப்பாற்றத்தான் என்று பாதிரியார்கள் சொன்னார்கள். சிப்பாய்கள் பூர்வகுடிப் பெண்களிடம் நடந்துகொண்ட விதம் அப்படித்தான் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் பெற்றோரிடமிருந்து பிரித்து, காற்றோட்டமில்லாத, கழிவு வசதி சரியில்லாத ஓர் அறையில் இத்தனை பேரை அடைத்தால் நோய் எப்படிப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சான் லூயிஸ் ரே மிஷனில் 1822-இல் பிறந்த பாப்லோ தாக் என்ற லுயிசேன்யோ இளைஞர், பாதிரியார் பட்டத்துக்குப் படிக்க ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே தன் ஊரையும் மொழியையும் பற்றி எழுதி வைத்தார். பாதிரியார் அங்கே ஓர் அரசரைப் போல, அவருக்குக் கீழே ஏவலாட்களும் மேற்பார்வையாளர்களும் என்று அவர் விவரிக்கிறார். உள்ளே பிறந்து வளர்ந்த பூர்வகுடி ஒருவர் தன் கையால் எழுதிய சாட்சியம் இது, மிக அபூர்வமானது. 1841-இல், இருபது வயதை எட்டும் முன்பே, ரோமில் அவர் இறந்துபோனார்.

பிடிக்கவில்லை என்றால் வெளியே போய்விடலாமா?

முடியாது. மிஷன்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள நேரமிருக்கிறது என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்னால் ஒருவர் வரலாம், போகலாம். பெற்ற பிறகு அவர் மிஷனுக்குச் சொந்தம். வருடத்தில் சில வாரம் அனுமதி வாங்கித் தன் பழைய ஊருக்குப் போய்வரலாம், அவ்வளவுதான். குறித்த நாளில் திரும்பாவிட்டால் ஓடிப்போனவர் என்று கணக்கு, சிப்பாய்களும் மிஷனின் பூர்வகுடி உதவியாளர்களும் தேடிப் போய்ப் பிடித்து வருவார்கள், சாட்டையடி, கால்விலங்கு.

சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் டொலோரஸில் நடந்ததைப் பாருங்கள். 1795-இல் அங்கிருந்து இருநூறு பேருக்கும் மேல் ஒரே சமயத்தில் ஓடிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பிடிபட்டவர்களில் சிலரைக் கோட்டைத் தளபதி ஹோசே ஆர்குவேயோ வரிசையாகக் கூப்பிட்டு "ஏன் ஓடினாய்?" என்று கேட்டு, சொன்ன பதிலை எழுதி வைத்தார். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. திபுர்சியோ என்பவர், மனைவியும் மகளும் இறந்துபோனபோது அழுததற்காகப் பாதிரியார் டான்டி தன்னை ஐந்து முறை அடிக்க உத்தரவிட்டார் என்றார். ஒமோபோனோவின் சகோதரர் விரிகுடாவின் அக்கரையில் இறந்தார், அதற்காக அழுதபோது அடித்தார்கள். அவர் கடற்கரைக்குச் சிப்பி பொறுக்கப் போனதற்குத் தடியால் அடித்தார்கள். ப்ரோஸ்பெரோ இரவில் வாத்து பிடிக்கப் போனார், சாப்பிடுவதற்கு. அதற்கும் அடி. மற்றவர்கள் பசி என்றார்கள், மனைவி செத்துவிட்டாள் என்றார்கள், பிள்ளைகள் செத்துவிட்டார்கள் என்றார்கள்.

அழுததற்கு அடி. நான் இதை முதலில் படித்தபோது அதற்கு மேல் வாசிக்க முடியாமல் மூடி வைத்தேன். இதைப் பதிவு செய்தவர் பூர்வகுடிகளின் ஆதரவாளர் ஒன்றும் இல்லை, ஸ்பானிய ராணுவ அதிகாரி. அதனால்தான் இந்தச் சில பக்கங்களுக்கு இவ்வளவு கனம்.

அப்படியானால் அது அடிமை முறையா?

சட்டப்படி இல்லை. யாரையும் சந்தையில் விற்கவில்லை, வாங்கவில்லை. ஆனால் கூலி கிடையாது, போக விடமாட்டார்கள், வேலைக்கு வராவிட்டால் அடி. கோட்டைக்கு வேலை செய்ய ஆட்களை அனுப்பினால் அதற்கான தொகையை மிஷன் கணக்கில் வைத்தார்கள். கொத்தடிமை முறைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நெருக்கம் என்றுதான் நான் சொல்வேன்.

இது இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கும் பார்வை என்று சிலர் சொல்வார்கள். 1786-இல் மான்டெரேவுக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பெரூஸ், செர்ராவின் சொந்த மிஷனான கார்மெலைப் பார்த்துவிட்டு, கரீபியத் தீவில் தான் கண்ட அடிமைத் தோட்டங்களை இது நினைவூட்டுகிறது, சொல்லவே வருத்தமாக இருக்கிறது என்று எழுதினார். 1798-இல் சான் மிகேல் மிஷனிலிருந்த ஓர்ரா என்ற பிரான்சிஸ்கன் பாதிரியாரே, பூர்வகுடிகள் இங்கே நடத்தப்படும் விதம் மிகக் கொடூரமானது என்று மெக்சிகோவின் வைசிராய்க்குப் புகார் எழுதினார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் காலத்து மனிதர்களுக்கும் கண் இருந்தது.

எத்தனை பேர் இறந்தார்கள்?

மிஷன்களின் சொந்தப் பதிவேடுகளின்படி 1834 வரை சுமார் 80,000 பேர் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள், சுமார் 60,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். எந்த ஒரு சமயத்திலும் எல்லா மிஷன்களிலும் சேர்த்து இருந்தவர்கள் அதிகபட்சம் 21,000 பேர்தான், அது 1820 வாக்கில். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறப்பை விட இறப்பு எப்போதும் அதிகம், உள்நாட்டிலிருந்து புதிய ஆட்களைக் கொண்டுவந்து கொண்டே இருந்ததால்தான் மிஷன் நடந்தது.

அம்மை, சளிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காசநோய், சிப்பாய்களிடமிருந்து பரவிய மேகநோய். 1806-இல் வந்த தட்டம்மை ஒரே வருடத்தில் ஏராளமான பிள்ளைகளைக் கொண்டுபோனது. கார்மெல் மிஷன் பதிவேடுகளைப் பார்த்தால் அங்கே பிறந்த குழந்தைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் முதல் பிறந்தநாளைக்கூடப் பார்க்கவில்லை. யாரும் திட்டமிட்டு நோயைப் பரப்பவில்லை, அது சரி. ஆனால் பதிவேட்டில் தங்கள் கையாலேயே ஒவ்வொரு சாவையும் எழுதியவர்களுக்கு, இந்த மாதிரி நெருக்கியடித்து வாழ வைப்பதுதான் கொல்கிறது என்று தெரிய எத்தனை வருடம் வேண்டும்? தெரிந்தும் தொடர்ந்தார்கள், ஆன்மா காப்பாற்றப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கையில்.

யாரும் எதிர்க்கவே இல்லையா?

முதல் நாளிலிருந்து எதிர்த்தார்கள். சான் டியேகோ தொடங்கிய ஒரு மாதத்துக்குள்ளேயே குமியாய் மக்கள் தாக்கினார்கள். 1775 நவம்பரில் பல ஊர்கள் சேர்ந்து நூற்றுக்கணக்கானோர் இரவில் வந்து அந்த மிஷனையே எரித்தார்கள். அதில் கொல்லப்பட்ட பாதிரியார் லூயிஸ் ஹாய்மே. இவர் மூன்று வருடம் முன்னால் தன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில், சிப்பாய்கள் பூர்வகுடிப் பெண்களைப் பலாத்காரம் செய்வதை ஊர் ஊராகச் சொல்லி, இதனால்தான் இவர்கள் நம் அனைவரையும் கொல்ல வரும் நிலைக்குப் போகிறார்கள் என்று எச்சரித்திருந்தார். எச்சரித்தவரே பலியானார்.

1785-இல் சான் கேப்ரியேலில், தொய்புரினா. தொங்வா இனத்தைச் சேர்ந்த இளம்பெண், அவர் ஊரில் மந்திர மருத்துவ சக்தி உள்ளவர் என்று மதிக்கப்பட்டவர். மிஷனுக்குள் இருந்த நிக்கோலாஸ் ஹோசே, தங்கள் சடங்கு நடனங்களைத் தடை செய்த ஆத்திரத்தில் இவரை அணுக, வெளியூர்களைத் திரட்டியவர் இவர். தகவல் கசிந்து எல்லாரும் பிடிபட்டார்கள். விசாரணையில், என் நிலத்தில் வந்து குடியேறியிருக்கிறார்களே, அந்தக் கோபம்தான் என்ற பொருளில் சொன்னார். பிறகு ஞானஸ்நானம் கொடுத்து வடக்கே நாடு கடத்தினார்கள், ஒரு சிப்பாயை மணந்தார், 1799-இல் சொந்த ஊருக்கு வெகுதொலைவில் இறந்தார்.

எல்லாவற்றிலும் பெரியது 1824-இன் சுமாஷ் எழுச்சி. அப்போது மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்று, கலிபோர்னியாவும் அதன் கீழ் வந்துவிட்டது. 1810-இல் அந்த விடுதலைப் போர் தொடங்கியதிலிருந்தே சிப்பாய்களுக்குச் சம்பளமும் வரவில்லை, சரக்குக் கப்பலும் வரவில்லை. அத்தனை பேருக்கும் சோறும் துணியும் செருப்பும் மிஷன் பூர்வகுடிகள் தலையில் விழுந்தது, பதிலுக்குக் கிடைத்தது பணமாகாத கடன் சீட்டுகள். பிப்ரவரி 21 அன்று சான்டா இனெஸ் மிஷனில், பக்கத்து மிஷனான லா புரிசிமாவைச் சேர்ந்த ஒருவரைச் சிப்பாய்கள் சாட்டையால் அடித்தார்கள், அந்த இடத்திலேயே வெடித்தது. அன்றே லா புரிசிமாவுக்குப் பரவி, மிஷனைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு மாதம் வைத்திருந்தார்கள். சுவரில் துளை போட்டு, மிஷனின் பழைய பீரங்கிகளை நிறுத்தி, மரக்கட்டைகளால் தடுப்பு கட்டிக் காத்தார்கள். மார்ச் 16-இல் மான்டெரேவிலிருந்து சுமார் நூறு பேர் கொண்ட படை பீரங்கியோடு வந்து தாக்கியதில் 16 பூர்வகுடிகள் இறந்தார்கள், பிறகு ஏழு பேருக்கு மரண தண்டனை. சான்டா பார்பராவில் ஆந்த்ரேஸ் என்ற தலைவரின் கீழ் எழுந்தவர்கள் மலையைக் கடந்து உள்நாட்டு ஏரிப் பகுதிக்குப் போய் அங்கேயே ஒரு சமூகமாக வாழத் தொடங்கினார்கள். மன்னிப்பு என்று வாக்குக் கொடுத்துப் படையும் பாதிரியாரும் போய்த் திரும்ப அழைத்த பிறகு ஜூனில் பலர் வந்தார்கள், எல்லாரும் வரவில்லை.

1812-இல் சான்டா குரூஸில் பாதிரியார் கின்டானாவைக் கொன்றவர்கள், வடக்கே மெக்சிகப் படைகளை 1829-இல் திரும்பத் திரும்ப விரட்டிய எஸ்தனிஸ்லாவோ (இன்று கலிபோர்னியாவில் ஓர் ஆறும் ஒரு மாவட்டமும் அவர் பெயரில் இருக்கின்றன) என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

ஹுனிபெரோ செர்ரா புனிதரா, கொடுமைக்காரரா?

2015 செப்டம்பர் 23-இல் போப் பிரான்சிஸ் வாஷிங்டனில் வைத்து அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். 2020 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும், ஜூலையில் சாக்ரமென்டோவிலும் அவருடைய சிலைகளைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள்.

மயோர்கா தீவில் பிறந்தவர், பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்தவர், புண்பட்ட காலோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்தவர், தனக்கென்று எதையும் சேர்க்காதவர். சிப்பாய்களின் அட்டூழியத்தைத் தாங்க முடியாமல் 1773-இல் மெக்சிகோ நகரத்துக்கே போய் வைசிராய் புக்கரெலியிடம் முறையிட்டார். சான் டியேகோவை எரித்தவர்களைத் தூக்கிலிடாதீர்கள் என்று கேட்டார். இதெல்லாம் உண்மை.

அதே பயணத்தில் அவர் கேட்டு வாங்கி வந்தது என்ன? ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பிள்ளைகளைத் தந்தை நடத்துவது போல நடத்தவும் தண்டிக்கவும் பாதிரியார்களுக்கு முழு அதிகாரம். ஆளுநர் பெலிப்பே டெ நேவே, மிஷன்களில் பூர்வகுடிகளே தங்களுக்குள் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று உத்தரவிட்டபோது செர்ரா கடைசி வரை முரண்டு பிடித்தார். 1780-இல் அதே நேவேக்கு எழுதிய கடிதத்தில், ஆன்மிகத் தந்தையர் தங்கள் பிள்ளைகளான பூர்வகுடிகளை அடித்துத் திருத்துவது இந்த நாடுகள் பிடிக்கப்பட்ட காலம் முதல் இருக்கும் வழக்கம்தான் என்று வாதாடினார். கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வளர்ந்த மனிதர்களை ஆயுள் முழுக்கக் குழந்தைகளாக வைத்திருக்கும் ஓர் அமைப்பைக் கட்டியவர் அவர். அதன் விளைவைச் சுமந்தவர்களின் வாரிசுகள் "எங்களிடம் கேட்காமல் எப்படிப் புனிதராக்கினீர்கள்?" என்று கேட்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

மிஷன்கள் ஏன் மூடப்பட்டன? நிலம் யாருக்குப் போனது?

மெக்சிகோ நாடாளுமன்றம் 1833-இல் சட்டம் போட்டது, ஆளுநர் பிகெரோவா 1834-இல் நடைமுறைப்படுத்தினார். நிலத்திலும் கால்நடைகளிலும் பாதி பூர்வகுடிகளுக்குப் போக வேண்டும் என்று விதி. அப்போது மிஷன்களிடம் சுமார் ஒன்றரை லட்சம் மாடுகள் இருந்தன, பாஸ்டன் கப்பல்கள் தோலுக்கும் கொழுப்புக்கும் வந்து நிற்கும், நிலத்துக்கு ஏகப்பட்ட மதிப்பு. பிரித்துக் கொடுக்கும் பொறுப்பில் போடப்பட்டவர்கள் உள்ளூர்ப் பெரிய குடும்பங்கள். முடிவைச் சொல்ல வேண்டுமா? நிலம் பெரும் பண்ணைகளாக அந்தக் குடும்பங்களுக்கே போனது. நிலத்தைத் திருத்தியவர்கள் அதே நிலத்தில் சாப்பாட்டுக்கும் துணிக்கும் மாடு மேய்த்தார்கள். கொஞ்சம் பேருக்குச் சிறு துண்டு நிலங்கள் கிடைத்தன, அதையும் பெரும்பாலும் சீக்கிரமே இழந்தார்கள்.

அமெரிக்கர்கள் வந்த பிறகு நடந்தது இதைவிட மோசம் இல்லையா?

ஆமாம், மிக மோசம். 1846-இல் ஒன்றரை லட்சமாக இருந்த பூர்வகுடிகள் 1870 வாக்கில் சுமார் முப்பதாயிரமாகக் குறைந்தார்கள். மாநிலத்தின் முதல் ஆளுநர் பீட்டர் பர்னெட் 1851-இல் இது இந்த இனம் அழியும் வரை நடக்கும் போர் என்று சட்டமன்றத்திலேயே பேசினார். அரசுப் பணத்தில் கொலைப்படைகள் போயின. 18 ஒப்பந்தங்கள் போட்டு நிலம் தருவதாகச் சொல்லிவிட்டு, 1852-இல் அமெரிக்க செனட் அத்தனையையும் நிராகரித்தது. 2019-இல் ஆளுநர் கேவின் நியூசம் இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் "அதோடு ஒப்பிட்டால் மிஷன் பரவாயில்லை" என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கடலோர மக்கள் நிலத்தையும் மொழியையும் எண்ணிக்கையையும் இழந்து பலவீனமாக நின்றபோதுதான் இரண்டாவது அடி விழுந்தது.

இன்று பார்க்கும் கட்டடங்கள் அசலா? எதைப் பார்க்கலாம்?

பாதிக்கு மேல் இருபதாம் நூற்றாண்டில் சீரமைத்தவை அல்லது திரும்பக் கட்டியவை. லா புரிசிமா 1930-களில் அரசு வேலைத் திட்டத்தில் புதிதாக எழுப்பியது, ஆனால் பட்டறைகள், குடியிருப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருப்பதால் மிஷன் எப்படி இயங்கியது என்று புரிய அதுதான் சிறந்த இடம். சான் ஹுவான் கபிஸ்ட்ரானோவில் 1812 டிசம்பர் பூகம்பத்தில் பூசை நடக்கும்போதே இடிந்து சுமார் 40 பேரைக் கொன்ற கற்கோவிலின் இடிபாடுகள் அப்படியே நிற்கின்றன. சொனோமாவில் அங்கே இறந்த 800-க்கும் மேற்பட்ட பூர்வகுடிகளின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள், பலர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

பிள்ளைக்குப் பள்ளியில் மிஷன் மாதிரி செய்யச் சொன்னால்? 2016-இல் வந்த மாநிலப் பாடத்திட்ட வழிகாட்டியே அட்டைப்பெட்டியில் மிஷன் கட்டுவதை ஊக்குவிக்க வேண்டாம் என்கிறது. டீச்சரிடம் அதைச் சொல்லி, அந்த வட்டாரத்து மக்களைப் பற்றி ஏதாவது செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த மக்கள் இன்று இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில். எஸ்ஸெலென் மக்களின் ஓர் அமைப்பு 2020-இல் கலிபோர்னியக் கடற்கரையிலுள்ள பிக் சர் அருகே சுமார் 1,200 ஏக்கரைத் திரும்பப் பெற்றது. சுமாஷ் மக்கள் தொமோல் கட்டி நடுவிலுள்ள கடலைத் தாண்டித் தீவுக்குத் துடுப்புப் போடுகிறார்கள். ஓலோனி மக்களின் மொழிகளில் ஒன்றான முட்சுன் மொழியைப் பேசிய அசென்சியோன் சொலோர்சானோ 1930-இல் இறப்பதற்குச் சற்று முன் சொன்னவற்றை ஒரு மொழியியலாளர் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டார், இன்று அந்தக் குறிப்புகளை வைத்து அந்த மக்கள் தங்கள் மொழியைத் திரும்பக் கற்கிறார்கள். சாக்ரமென்டோவில் செர்ரா சிலை இருந்த இடத்தில் 2023-இல் பூர்வகுடிகளுக்கான நினைவுச் சின்னம் வந்துவிட்டது.

ஆனால் ஓலோனி, தொங்வா, அஹாச்சமென் மக்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் அங்கீகாரம் இன்னும் இல்லை. நீங்கள் தொடர்ந்து ஒரே சமூகமாக இருந்ததற்கு ஆதாரம் காட்டுங்கள் என்கிறது அரசு. அவர்கள் காட்டும் ஆதாரங்களில் முக்கியமானது மிஷன்களின் ஞானஸ்நானப் பதிவேடுதான்: ஸ்பானியப் பெயரோடு, பல பதிவுகளில் பிறந்த ஊரும் சொந்தப் பெயரும் பெற்றோர் பெயரும் இருக்கும். லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த ஞானஸ்நானப் பதிவுகளைக் கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகம் கணினியில் ஏற்றி 2006-இல் இலவசமாகத் திறந்து வைத்தது, யார் வேண்டுமானாலும் தேடலாம்.